‘மிராசு ஜீவனம்’: காவிரிக்கரை ஆவணங்களில் முன்னோரின் தொழிலைப் படித்தல்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைப் புறச்சுவரில், அதிட்டானத்தை ஒட்டி, அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக வரிசை கட்டி நிற்கின்றன. கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்தது (1146–1173). சேக்கிழார் திருத்தொண்டர் புராணத்தைப் பாடியது அவனுக்கு முந்தைய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நூல் அரங்கேறிச் சில பத்தாண்டுகளுக்குள் அதைக் கல்லில் வடித்து, சிற்பங்களுக்கு மேல் பெயரையும் பொறித்துவிட்டார்கள். அவ்வரிசையில் வரும் ஏனாதிநாதரிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தம். அவருடைய ஊரான எயினனூரைக் கும்பகோணத்தை அடுத்த ஏனநல்லூர் என்பார்கள். தாராசுரத்துக்கு அண்டை ஊர்தான்.

ஏனாதிநாதர் ஈழக்குலச் சான்றார் என்கிறது புராணம். ஈழம் என்றால் கள். கள் இறக்குவோரின் குலப்பெயர் அது. ஆனால் அவர் செய்த வேலை அரசகுலத்தாருக்கு வாட்பயிற்சி கொடுப்பது. அந்த வருவாயில்தான் அடியார்களுக்குச் செய்யும் தொண்டெல்லாம் நடந்தது. ‘ஏனாதி’ என்பதோ படைத்தலைவர்களுக்கு மன்னர்கள் வழங்கிய பட்டம். சங்க காலத்திலிருந்தே வழக்கில் இருந்தது. ஒரே மனிதரைச் சுற்றி மூன்று சொற்கள் இருக்கின்றன. குலப்பெயர் கள்ளைச் சொல்கிறது, வாழ்க்கை வாளைச் சொல்கிறது, பட்டம் அரசவையைச் சொல்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் நம் கைக்குக் கிடைத்திருந்தால் அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்போம்?

தம் குடும்பத்தின் பழைய தாள்களைப் புரட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார் என்று தேடும்போது பத்திரத்தில் ஒரு சொல், பள்ளிக்கூடப் பதிவேட்டில் இன்னொன்று, கோயில் கணக்கில் வேறொன்று என்று அகப்படும். மூன்றில் எது பொய் என்று குழம்புவார்கள். பெரும்பாலும் எதுவும் பொய்யாக இருக்காது. ஒவ்வொரு ஆவணமும் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பதிந்திருக்கும். வரி யாரிடம் வாங்குவது, நிலத்தின்மேல் உரிமை யாருக்கு, கோயிலில் முறை யாருடையது என்ற கேள்விகளுக்கான விடைகள்தான் தொழிற்பெயர் என்ற உருவத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆள் காலையில் எழுந்து என்ன செய்தார் என்பதை அவற்றில் எதுவும் நேராகக் கேட்கவில்லை. காவிரிப் படுகையின் ஆவணங்களை இந்தக் கவனத்தோடு படித்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில், எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடிய பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய கிரயப் பத்திரங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இன்ன தாலுக்கா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, சிவமதம் அல்லது விஷ்ணுமதம், இன்ன ஜீவனம், இத்தனை வயது. இந்த ‘ஜீவனம்’ என்ற இடத்தில் விவசாயம், வர்த்தகம், நெசவு, உத்தியோகம், கூலி என்று வரும். தஞ்சைப் பகுதியில் அடிக்கடி வருவது ‘மிராசு ஜீவனம்’.

மிராசு, வாரிசுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு முன்பே காணி, காணியாட்சி என்ற சொற்கள் இருந்தன. பரம்பரையாக வரும் உரிமைக்குத்தான் இந்தப் பெயர். கும்பினி அதிகாரிகள் இந்த உரிமையைப் புரிந்துகொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், மிராசு உரிமை பற்றிய 17 கேள்விகளுக்கு எழுதிய நெடிய விடைகள் 1818இல் அச்சாயின. ‘மிராசு ஜீவனம்’ என்று எழுதிக்கொண்டவர் ஏர் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. தஞ்சையில் பலரும் பிடித்ததில்லை. அவர்களுடைய நிலத்தைக் குத்தகைக்காரரோ வாரக்காரரோ பண்ணையாளோ பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிராசு நிலத்துக்கு மட்டும் உரியதில்லை. கர்ணம் வேலைக்கு மிராசு உண்டு, கோயில் நாயனத்துக்கு மிராசு உண்டு, மடைப்பள்ளிக்கும் மாலை கட்டுவதற்கும் உண்டு. ஆகவே தாத்தா பெயருக்குப் பின்னால் ‘மிராசு’ என்று இருப்பதைப் பார்த்து உடனே நிலச்சுவான்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த மிராசு என்று கேட்க வேண்டும். பத்திரம் நிலத்தைப் பற்றியதா, கோயில் முறையைப் பங்கு பிரிப்பதா என்று உள்ளே படித்தால்தான் தெரியும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சிக்கலுமில்லை. ஹங்கேரியில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கும் இதே பாடுதான். அங்கே 1895 அக்டோபர் 1ஆம் தேதிதான் அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கியது. அதற்கு முன்னால் எல்லாம் தேவாலயப் பதிவேடுகள். 1844 வரை நாட்டின் ஆட்சிமொழி லத்தீன். ஆகவே ஒரே குடியானவர் தந்தையின் ஏட்டில் லத்தீனிலும் மகனின் ஏட்டில் ஹங்கேரிய மொழியிலும், சில ஊர்களில் ஜெர்மனிலும் பதிவாகியிருப்பார். ‘யோபாஜ்’ என்று எழுதியிருந்தால் பிரபுவின் நிலத்தில் தனக்கென்று ஒரு பங்கு வைத்து, அதற்கு ஈடாக வேலையும் வரியும் செலுத்தக் கடமைப்பட்டவர். ‘ஜெல்லேர்’ என்றிருந்தால் அப்படிப் பங்கு நிலம் இல்லாதவர், இருந்தாலும் மிகச் சிறிதளவே உள்ளவர். வீடு மட்டும் உள்ளவரும் வீடே இல்லாதவரும் அதற்குள் அடக்கம். இரண்டு பேரும் அதே கோதுமை வயலில்தான் குனிந்து நின்றார்கள். வேறுபாடு உரிமையில் இருந்தது. 1848இல் குடியடிமை முறை ஒழிந்தபின் இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும் ‘ஃபோல்ட்முவேஷ்’, அதாவது நிலத்தில் உழைப்பவர், என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். குடும்பத்தின் நிலை உயர்ந்ததா, சட்டம் மாறியதா, எழுதிய பாதிரியார் மாறினாரா என்று பிரித்தறிவதுதான் அங்கே ஆய்வாளரின் வேலை.

காவிரிக்கரையில் மொழி அடுக்குகள் இன்னும் கூடுதல். சோழர் காலத் தமிழ், அதில் கலந்த வடமொழி. 1532 முதல் 1673 வரை நாயக்கர் ஆட்சியில் தெலுங்கு. 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆட்சியில் மோடி எழுத்தில் மராத்தி. வருவாய்த் துறைக்குள் பாரசீக, அரபுச் சொற்கள். 1799க்குப் பிறகு ஆங்கிலம். ஆனால் கல்லில் கிடைக்கும் சான்று நமக்கு ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போகிறது. இந்தப் பேறு ஹங்கேரியருக்கு இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிப்புறத்தில் முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. சுமார் 1014ஆம் ஆண்டு. ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண். தொழிற்பெயர்களைப் படிக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் தமிழில் இல்லை. கோயிலைச் சுற்றிய தளிச்சேரியில் குடியேற்றிய 400 பெண்களை அது ஒவ்வொருவராகச் சொல்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்பதுவரை குறித்திருக்கிறது. இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இவ்வளவு விவரம் இல்லை. அதன்பின் மற்றப் பணியாளர்கள் வருகிறார்கள்: நட்டுவம் செய்வோர், கானம் பாடுவோர், வங்கியம் ஊதுவோர், உடுக்கை வாசிப்போர், வீணை வாசிப்போர், ஆரியம் பாடுவோர், தமிழ் பாடுவோர், கொட்டி மத்தளம் வாசிப்போர், முத்திரைச் சங்கு ஊதுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குசவர், ஈரங்கொல்லிகள், நாவிசர், தையான், இரத்தினத்தையான், கன்னான், தச்சர், பெருங்கணி.

இதில் ஈரங்கொல்லி என்பவர் துணி வெளுப்பவர். தையான் தையற்காரர், இரத்தினத்தையான் மணிகளைத் துணியில் வைத்துத் தைப்பவர். கன்னான் பித்தளை, வெண்கல வேலை செய்பவர். பெருங்கணி சோதிடக் கணக்குப் பார்ப்பவர். ஒரு சொல் தெரியாமல் போனால் ஒரு வேலையே நமக்குத் தெரியாமல் போகும். எ. சுப்பராயலு பதிப்பித்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதிகளாக 2002–2003இல் வந்திருக்கிறது. கல்வெட்டுச் சொல்லை இன்றைய அகராதியில் தேடி ஏமாறாமல் அதை முதலில் திறப்பது நல்லது.

ஆனால் சொற்பொருள் தெரிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அந்த 400 பெண்களின் பெயர்களுக்கும் முன்னால் ‘நக்கன்’ என்று வருகிறது. அதை ஒரு குடும்பப் பெயராக நினைத்தால் நானூறு பேரையும் ஒரே குடும்பம் ஆக்கிவிடுவோம். நக்கன் என்பது சிவனின் பெயர். கோயிலுக்கு உரியவர் என்பதைக் காட்டும் முன்னொட்டு. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரைப் பாருங்கள். வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டு சொல்கிறது. தச்சு அவர் தொழில். ‘ராஜராஜப் பெருந்தச்சன்’ அரசன் பெயரால் கிடைத்த பட்டம். முடிதிருத்துவோரிலும் ராஜராஜப் பெருநாவிசன் இருந்திருக்கிறார். பட்டத்தை வைத்து வேலையைச் சொல்லலாம் என்பது இங்கே சரிப்படும். ‘மூவேந்தவேளான்’, ‘பேரரையன்’ என்று முடியும் பெயர்களில் அது சரிப்படாது; அவை அரசாங்கத்தில் இருந்த இடத்தைக் காட்டும், செய்த வேலையைக் காட்டா. ஊர்ப் பெயரோடு வரும் ‘உடையான்’ நிலம் உடைமையைக் காட்டும். நொபொரு கராஷிமா, சுப்பராயலு, மத்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மதுரையிலிருந்து வெளியிட்ட மூன்று தொகுதிகள், பெயரின் எந்த உறுப்பு ஊர், எது தந்தை பெயர், எது பட்டம் என்று பிரித்துப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தன. தமிழர் குடும்ப வரலாற்று ஆய்வு அந்த உழைப்புக்குக் கடன்பட்டது.

இவர்களுக்கெல்லாம் கூலி பங்கு என்ற கணக்கில் வந்தது. ஒரு பங்குக்கு ஒரு வேலி நிலம், அதிலிருந்து ஆடவல்லான் மரக்காலால் அளந்த நூறு கலம் நெல். சிலருக்கு முழுப் பங்கு, சிலருக்கு அதற்கு மேலும் கீழும். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவு முறையில் உள்ளவர் அதைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை ஆளாக வைத்து வேலையை நடத்தலாம் என்றும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்த விதியை ஊன்றிப் பார்க்க வேண்டும். கல்லில் வீணைப் பங்குக்கு உரியவராக இருக்கிறவரின் வாரிசுக்கு வீணையே வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். வாசித்தவர் வேறொருவராக இருக்கலாம், அவர் பெயர் எங்கும் எழுதப்படாமலும் போயிருக்கலாம். பின்னாளில் ‘மிராசு’ என்ற சொல் செய்த வேலையை இந்தப் பதினோராம் நூற்றாண்டு ‘பங்கு’ ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. தொழிலும் தொழில் உரிமையும் பிரியக்கூடியவை என்பதைச் சோழ அரசே அறிந்து விதி எழுதியிருக்கிறது.

காலம் ஒரு சொல்லை உள்ளிருந்து மாற்றிவிடுவதும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் ஊருக்கும் அரசுக்கும் கூலியில்லாமல் செய்து தர வேண்டிய வேலை. அதைச் செய்கிறவர் வெட்டியான். பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்க் கணக்குகளில் வெட்டியான் ஒரு கிராம ஊழியர். வரி கட்டச் சொல்லிக் குடிகளுக்குச் செய்தி சொல்வது, களத்தில் நெல்லைக் காப்பது, மடை திறந்து தண்ணீர் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கர்ணம், பட்டாமணியம், தலையாரி என்ற வரிசையில் கடைசியில் நின்றாலும் ஊரின் நில எல்லை அவருக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியாது. இன்று அந்தச் சொல் சுடுகாட்டு வேலையோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1880இன் ஏட்டில் பார்த்த சொல்லுக்கு இன்றைய பொருளை வைத்துப் படித்தால் நீர்ப்பங்கீட்டை நடத்திய ஒருவரைக் காணாமல் அடித்துவிடுவோம். பரம்பரையாக வந்த கிராம அலுவலர் பதவிகளையெல்லாம் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒரே ஆணையால் ஒழித்தது. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பட்டாமணியம் என்ற சொல்லே அகராதிச் சொல்லாகிவிட்டது.

‘தேவரடியார்’ என்ற சொல்லுக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் தேவரடியார் ஒருவர் கோயிலுக்கு விளக்கு வைக்கிறார், நிலம் கொடுக்கிறார், சிறப்புரிமை பெறுகிறார். லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் பலர் கொடையாளர்களாகவே கல்வெட்டில் தோன்றுவதைக் காட்டியது. 1900ஆம் ஆண்டின் தேவதாசி என்ற படிமத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்மேல் ஏற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பின்னாள் முறையின் கொடுமையோ முழு உண்மை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை அனுபவித்து, எதிர்த்து, 1936இல் நாவலாகவும் எழுதினார். 1947இல் சட்டம் வந்தது. அந்தப் போராட்ட காலத்தில் ‘மேளக்காரர்’ என்ற தொழிற்பெயரால் அழைக்கப்பட்டவர்கள் ‘இசை வேளாளர்’ என்ற பெயரைத் தமக்கு நிறுவிக்கொண்டார்கள். அவர்களுடைய குடும்ப ஏடுகளில் ஏதோ ஒரு பத்தாண்டில் பெயர் மாறுகிறது. நாயனமும் தவிலும் மாறவில்லை. மதிப்பைக் கேட்டுப் பெற்ற மாற்றம் இது. அந்தப் பத்தாண்டைக் கண்டுபிடித்துக் குறித்து வைப்பது குடும்ப வரலாற்றின் பெருமைக்குரிய பக்கமாக இருக்கும்.

தாராசுரத்தின் தறிகளில் உள்ள சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கும் இதைப் போன்ற கதை உண்டு. தமிழ் ஆவணங்கள் இவர்களை நெடுங்காலம் பட்டுநூல்காரர் என்று தொழிலால் குறித்தன. தாங்களோ வந்த நாட்டின் பெயரால் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். இச்சமூகத்தார் தம் வரலாற்றை எழுதும்போது மாண்டசோர் கல்வெட்டைக் குறிப்பிடுவார்கள். லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது மாண்டசோருக்கு, குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டி, 473இல் அதைப் புதுப்பித்த செய்தி அதில் இருக்கிறது. எனக்கு அக்கல்வெட்டில் முக்கியமாகப் படுவது வேறு. புதிய ஊருக்கு வந்தபின் அக்குழுவில் சிலர் வில்லாளிகளாயினர், சிலர் சோதிடத்தில் தேர்ந்தனர், சிலர் கதை சொல்வோராயினர், சிலர் நெசவிலேயே நின்றனர் என்று அதுவே சொல்கிறது. குழுவின் பெயர் பட்டு நெசவாளர் குழு. குழுவுக்குள் இருந்த அத்தனை பேரும் நெய்யவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு கவிஞரைக் கூலிக்கு அமர்த்தி இதைக் கல்லில் எழுதச் செய்தவர்கள், ‘ஜாதி: பட்டுநூல்காரர்; ஜீவனம்: நெசவு’ என்று இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய பத்திர எழுத்தரைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

நிலமில்லாத உழைப்பாளிகளின் நிலைமை இவற்றிலெல்லாம் கடுமையானது. அவர்களுக்குப் பத்திரம் இல்லை. எழுதப்பட்டால் இன்னொருவருடைய பத்திரத்தில் சொத்தாகத்தான் எழுதப்பட்டார்கள். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1707இல் ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் டேனியர் வீட்டு அடிமைகள். அடிமையின் பெயரைத் தனி ஆளாக ஒரு ஏட்டில் எழுதிய முதல் இடங்களில் ஒன்று அது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. அதன்பின் ஆவணங்களில் அடிமை என்ற சொல் மறைந்து படியாள், பண்ணையாள் என்ற சொற்கள் நிலைக்கின்றன. நாற்றங்கால், நடவு, அறுவடை, களம் எதுவும் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடனுக்குக் கட்டுண்டு அதே மிராசுதாரின் வயலிலேயே கிடந்தார்கள்.

1952இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை வேலையைவிட்டு நீக்கத் தடை போட்டு, கூலியையும் வரையறுத்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கே அது பொருந்தும். விளைவாக ஒன்று நடந்தது. பல மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே விட்டு, அதே ஆட்களைத் தினக்கூலியாக அழைத்தார்கள். சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தவுடன் ஆளை அந்தச் சொல்லிலிருந்து வெளியேற்றினார்கள். 1951 தொடங்கித் தஞ்சைக் கிராமங்களில் களப்பணி செய்த கேத்லீன் கஃப் எழுதியவற்றில் இந்த மாற்றத்தின் இரு பக்கமும் தெரிகிறது. 1969இல் விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. சாகுபடிதாரர் என்று பதிவேட்டில் பெயர் ஏறினால் நிலத்தைவிட்டு எளிதில் கிளப்ப முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்கும் ஏறாமல் தடுப்பதற்கும் ஊருக்கு ஊர் வழக்கு நடந்தது. ஒரு குடும்பத்தில் மகன் ‘விவசாயக் கூலி’, தகப்பனார் ‘பண்ணையாள்’ என்றிருந்தால் மகன் ஒரு படி ஏறினார் என்று எழுதிவிடாதீர்கள். 1952க்கு முன்னா பின்னா என்று பாருங்கள். பாதுகாப்பை இழந்ததையும் அந்தச் சொல்மாற்றம் குறிக்கலாம்.

கடல் கடந்தவர்களின் ஏடுகளில் இழப்பு இன்னும் அப்பட்டமானது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போய் டர்பன் துறையை அடைந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, ஒப்பந்தத்தில் போனவர்களின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடல் அடையாளம் என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. ஊரில் என்ன தொழில் செய்தார் என்பதைத் தனியாகக் கேட்கவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. ஜாதி என்ற கட்டத்தில் எழுதியதையே தொழிலாக எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கப் பேரப்பிள்ளைகள் தேடத் தொடங்குகிறார்கள். தச்சரும் நெசவாளரும் உழவரும் இறங்கிய துறையில் ஒரே வகை ஆட்களாகிவிட்டார்கள். கிராமத்தின் பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தால், அங்கிருந்து நம் பக்கத்து ஏடுகளுக்கு வந்து தேட முடியும் என்பது ஒன்றுதான் அவர்களுக்கு ஆறுதல்.

ஏட்டில் அறவே இல்லாத இன்னொரு பாதி இருக்கிறது. பட்டுச் சேலை நெய்வதை ஒருவர் தொழில் என்று எழுதுவார்கள். முறுக்கேற்றிய நூலைப் பிரித்து, தார் சுற்றி, பாவு ஓட்டி, அறுந்த இழையைச் சேர்த்து, பழைய பாவின் முனையோடு புதிய பாவைப் புணைத்துக் கொடுத்தால்தான் அவர் தறிக்குழியில் கால் வைக்க முடியும். கோர்வைச் சேலையென்றால் கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள், பல வீடுகளில் பிள்ளைகளும். பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயின் தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கோடு இருக்கும். இன்றைய கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர், சார்புத் தொழிலாளர் என்று பிரித்து அவர்களில் சிலரையாவது எண்ணிக்கைக்குள் கொண்டுவந்திருக்கிறது. பாட்டியின் பெயருக்கு நேரே ‘வீட்டு வேலை’ என்று பார்த்தவர்கள், அந்த வீட்டில் தறி இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் பாட்டி பட்டுத் தொழிலாளி என்று குடும்ப வரலாற்றில் எழுதலாம். எந்த ஏடும் சொல்லாவிட்டாலும் எழுத வேண்டும் என்பது என் உறுதி.

அப்படியானால் செய்த வேலையை எங்கே தேடுவது? உரிமை கோராத இடங்களில் தேட வேண்டும். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகளில் வரி விலக்குப் பெற்ற நிலங்களைக் கழித்துக் காட்டும் பகுதி வருகிறது. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், அவற்றோடு கம்மாணசேரி, வண்ணாரச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. யாருக்கும் பட்டம் கொடுக்க எழுதியதில்லை இது. தரையில் என்ன இருக்கிறது என்று அளந்தவர்கள் எழுதியது. கம்மியரும் வெளுப்பவரும் கள் இறக்குவோரும் அந்த ஊரில் உண்மையிலேயே குடியிருந்தார்கள் என்பதற்கு ஒரு பெருந்தச்சன் பட்டத்தைவிட இந்தக் கழிவுக் கணக்கு வலுவான சான்று.

பத்திரங்களிலும் அப்படிப்பட்ட இடம் ஒன்று உண்டு. முகப்பில் ஜீவனம் என்ன என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மூடிவைக்காமல் சொத்து விவரத்துக்குப் போக வேண்டும். அங்கே நான்கெல்லை சொல்லியிருப்பார்கள். இன்னார் தறிக்கூடத்துக்கு மேற்கு, சாயப்பட்டறைச் சந்துக்கு வடக்கு, இன்னார் செக்குமேட்டுக்குத் தெற்கு என்ற மாதிரியில். தன் சொத்தின் எல்லையைக் காட்ட அடுத்த வீட்டைச் சொல்கிறவருக்கு அடுத்த வீட்டுக்காரரை உயர்த்தவோ தாழ்த்தவோ காரணம் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு நின்றுவிட வேண்டாம். வில்லங்கச் சான்றில் எல்லை விவரம் முழுதாக இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையே வாங்க வேண்டும். அசையாச் சொத்துகள் பதிவாகும் முதலாம் புத்தகத்தைப் பார்வையிடவும் நகல் பெறவும் யாருக்கும் பதிவுச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு நான்கு பக்கத்திலும் உள்ள மனைகளின் பழைய பத்திரங்களைக் கேளுங்கள். உங்கள் தாத்தாவின் பெயர் அவற்றின் எல்லை விவரத்தில் வரும். அந்தப் பெயரை ஒட்டித் தறிக்கூடம், பட்டறை, கடை, மாட்டுக்கொட்டில் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.